கத்திரி வெயில் தேர்ந்தெடுத்த பூஞ்செடிகள்: வேலூர் மாடித் தோட்ட அனுபவங்கள்

சத்துவாச்சாரியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். நர்சரிகளில் "புது ரகம்" என்று விற்கப்படும் அழகுச் செடிகளை நம் பகுதியில் வளர்த்துப் பார்த்தவர்கள் அனுபவத்தை எழுத வேண்டும் என்று நம் தோட்டக் குழுவில் கேட்டிருந்தீர்கள். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் ஒன்பது ஆண்டுகளாக மாடியில் தொட்டி வைத்து வளர்த்து வருகிறேன். வாங்கிய செடிகளில் பாதிக்கு மேல் இன்று என்னிடம் இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். அவற்றில் பல, நர்சரியில் நிழல்வலைக்கு அடியில் கண்ணைப் பறித்தவை. மே மாதம் அக்கினி நட்சத்திரம் தொடங்கி வெயில் 40 டிகிரியைத் தாண்டியதும், காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் சூடேறி, வேர் வெந்து போனவை. ஊரைச் சுற்றிலும் பாறை மலை. பகலெல்லாம் அது குடித்த வெயிலை இரவில் நமக்குத் திருப்பித் தருகிறது. "வெயிலூர்" என்று கேலி செய்பவர்களுக்கு இந்த இரவுச் சூட்டைப் பற்றித் தெரியாது.

ஆகவே, ஒரு முழுக் கத்திரியைத் தாண்டும் வரை எந்தப் புதுச் செடிக்கும் பெரிய தொட்டி வாங்குவதில்லை என்று எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். அந்த விதியில் தேறியவற்றுள் முதலிடம் காகிதப்பூவுக்குத்தான்.

காகிதப்பூவைப் பழைய செடி என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. பிரேசிலில் 1760களில் பிரெஞ்சுக் கப்பல் பயணத்தின்போது சேகரிக்கப்பட்டு, அந்தப் பயணத்தின் தலைவரான பூகன்வில்லின் பெயரைப் பெற்ற செடி இது. ஆனால் அதில் புதுப்புது ரகங்கள் தோன்றும் விதம் வேடிக்கையானது. பெரும்பாலும் யாரும் உட்கார்ந்து மகரந்தம் தடவி உருவாக்கியவை அல்ல. செடியின் ஒரு கிளை மட்டும் தானாக மாறி வேறு நிறத்தில் பூக்க, கண்ணுள்ளவர் ஒருவர் அந்தக் கிளையை வெட்டிப் பதியன் போட்டுத் தனி ரகமாக்கி விடுகிறார். ஒரே செடியில் வெள்ளையும் கத்தரிப்பூ நிறமும் கலந்து வரும் "மேரி பால்மர்" அப்படி வந்ததுதான். "திம்மா" அதே இரு நிறத்தோடு இலையிலும் மஞ்சள் படர்ந்தது. என்னிடம் இரண்டும் இருக்கின்றன. திம்மாவை வாங்கி இரண்டாம் ஆண்டில் நடுவிலிருந்து ஒரு கிளை முழுப் பச்சை இலையோடு கிளம்பியது. நன்றாக வளர்கிறதே என்று மகிழ்ந்து விட்டுவிட்டேன். அடுத்த மழைக்குள் செடியில் முக்கால் பங்கு பச்சையாகி விட்டது. பச்சை இலையில் பச்சையம் அதிகம் என்பதால் அந்தக் கிளை வேகமாக உணவு தயாரித்து மற்றவற்றை முந்திவிடுகிறது. கண்டவுடன் அடியோடு வெட்டியிருக்க வேண்டும். தெரிந்துகொள்ள ஓராண்டு ஆயிற்று.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாம் பூ என்று பார்ப்பது பூவே அல்ல, நிறம் பிடித்த இலை; உண்மையான பூ அதன் நடுவில் சிறு வெள்ளைக் குழலாக இருக்கிறது. அடுக்கடுக்காக வரும் "மஹாரா" வகைகளைக் கொத்தின் அழகுக்காக வாங்குகிறவர்கள், காய்ந்த பின்பும் அந்தக் கொத்து உதிராமல் பழுப்பாகத் தொங்கிக்கொண்டிருக்கும் என்பதை அறிந்து வாங்குவது நல்லது. கத்தரிக்கோலோடு தினமும் நிற்க என்னால் முடியவில்லை. அதை எதிர்வீட்டுக்குக் கொடுத்து விட்டேன்.

காகிதப்பூவுக்குத் தண்ணீர் குறைத்தால்தான் பூ என்பதை நம் ஊரே கற்றுத் தருகிறது. தை மாதத்திலிருந்து இலை சற்றுத் துவளும் வரை காயவிட்டு, பிறகு ஊற்றி, மீண்டும் காயவிடுகிறேன். நிறைய உரமும் தண்ணீரும் கிடைத்த செடி முள்ளும் இலையுமாகத் தழைக்கிறதே தவிர, நிறம் காட்டுவதில்லை.

தேறாதவற்றையும் எழுதி விடுகிறேன். ஊட்டியிலிருந்து நீல நிற ஹைட்ரேஞ்சியா ஒன்றை ஐப்பசியில் கொண்டு வந்தேன். தை மாதம் விரிந்த அடுத்த கொத்து வெளிறிய ரோஜா நிறத்தில் இருந்தது. அமிலத்தன்மை உள்ள மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைத்தால்தான் அந்தச் செடியில் நீலம் வரும்; எங்கள் வீட்டு போர்த் தண்ணீர் மண்ணைக் காரமாக்கி விடுகிறது. படிகாரம் கரைத்து ஊற்றும்படி ஒருவர் சொன்னார், ஊற்றினேன். ஆனால் தினமும் ஊற்றும் தண்ணீரே எதிராக இருக்கும்போது வாரம் ஒரு முறை ஊற்றும் படிகாரம் என்ன செய்யும்? சித்திரையில் இருவேளை தண்ணீரும் நிழல்வலையும் கொடுத்தும் அது போய்விட்டது. அதற்கு முன் ஒரு போத்தை வெட்டி ஏலகிரியில் இருக்கும் நம் உறுப்பினரிடம் கொடுத்ததுதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

குடியாத்தத்திலிருந்து:

சத்துவாச்சாரி அம்மாவின் பதிவைப் படித்தேன். நான் ஏமாந்த கதை இரண்டு உண்டு. ஒன்று சிரிப்புக்கு, மற்றொன்று செலவுக்கு.

இணையத்தில் நீல ரோஜா விதை என்று படத்தோடு விற்றார்கள், வாங்கி விதைத்தேன். பதினைந்து நாளில் செழிப்பாக முளைத்தது. என் தாயார் பார்த்துவிட்டு, "இது கீரைடா, நாளைக்குக் கடைஞ்சிடலாமா?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். நீலத்துக்கான டெல்ஃபினிடின் என்னும் நிறமியை ரோஜாவால் தானாக உருவாக்க முடியாது. ஜப்பானின் சண்டோரி நிறுவனம் வேறு செடியின் மரபணுவைச் சேர்த்து உருவாக்கி 2009இல் விற்பனைக்குக் கொண்டு வந்த ரோஜாவும் ஊதா சாயலில்தான் இருக்கிறது. பூக்கடையில் வைத்திருக்கும் அடர் நீல ரோஜா வெள்ளை ரோஜாவுக்குச் சாயம் ஏற்றியது. மேலும், ரோஜா ரகங்களை யாரும் விதையில் பெருக்குவதில்லை. ஒட்டுக் கட்டுவதும் பதியன் போடுவதும்தான் வழி. விதை என்ற சொல்லைக் கேட்டவுடனேயே நான் விலகியிருக்க வேண்டும்.

இரண்டாவது கதையும் ரோஜாதான். ஓசூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒட்டுச் செடி, இரு நிறப் பூ, விலை 350 ரூபாய். கத்திரியில் மேல் பகுதி காய்ந்து, அடியிலிருந்து புதுத் தளிர் வந்தது. பிழைத்துக்கொண்டது என்று கும்பிட்டேன். ஆறு மாதம் கழித்துப் பூத்தது சின்னச் சின்னதாக வேறு ஏதோ பூ. ஒட்டுக்கு மேல் கட்டிய ரகம் இறந்து, கீழே வேருக்காக வைத்த காட்டு ரோஜாதான் தழைத்திருக்கிறது. ஒரு காம்பில் ஏழு இலை வந்தால் காட்டுச் செடி, ஐந்து இலை வந்தால் நல்ல செடி என்று நர்சரியில் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம், நல்ல ரகங்கள் பலவற்றிலும் ஏழு இலை வரும். தளிர் ஒட்டுத் தழும்புக்கு மேலிருந்து வருகிறதா, கீழிருந்து வருகிறதா என்று பார்ப்பது மட்டுமே நிச்சயமான வழி. நடும்போதே அந்தத் தழும்பு மண்ணுக்கு மேலே தெரியும்படி வைத்தால் பிறகு தேட வேண்டியதில்லை.

ஏலகிரியிலிருந்து:

அம்மா கொடுத்த ஹைட்ரேஞ்சியாப் போத்து உயிரோடு இருக்கிறது. இங்கே ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம் என்பதால் சித்திரை அதற்குப் பெரிய தொல்லையாக இல்லை. நிறம் நீலமுமில்லை, ரோஜாவுமில்லை. மழைத் தண்ணீர் மட்டும் குடித்த கொத்துகள் ஊதாவாகவும், கோடையில் தொட்டித் தண்ணீர் குடித்தவை வெளிறியும் வருகின்றன. மலையில் பூத்ததைப் பார்த்துவிட்டுச் சமவெளிக்கு இறக்க ஆசைப்படுகிறவர்கள், பார்த்துவிட்டு மட்டும் இறங்குவது நல்லது.

ராணிப்பேட்டையிலிருந்து:

தண்ணீரைப் பற்றி அம்மா சொன்னதைச் சற்று விரித்து எழுத விரும்புகிறேன், ஏனெனில் எங்கள் பக்கத்தில் செடி சாவதற்கு வெயிலைக் காட்டிலும் தண்ணீரே பெரிய காரணம். தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் படியும் உப்பைப் பாருங்கள். அதே உப்புதான் மண்ணுக்குள்ளும் ஏறுகிறது. தாய்லாந்து ரகம் என்று சொல்லிக் குட்டை இட்லிப்பூச் செடிகள் ஆறு வாங்கினேன். கோவிலுக்குச் சூட்டும் நம் வெட்சிதான் அது, உருவம் மட்டும் சிறியது. இரண்டே மாதத்தில் இளந்தளிரெல்லாம் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. பூச்சி என்று எண்ணி வேப்பெண்ணெய் அடித்தேன், பயனில்லை. மண் காரமானால் இரும்புச் சத்து மண்ணில் இருந்தும் வேரால் அதை எடுக்க முடியாது என்பதை ஒரு வேளாண் பட்டதாரி சொல்லித்தான் அறிந்தேன்.

ஆர்.ஓ. இயந்திரம் கழித்து விடும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று அதைத்தான் நான் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். நல்ல தண்ணீரை நமக்குக் கொடுத்துவிட்டு உப்பையெல்லாம் திரட்டி வெளியே தள்ளும் தண்ணீர் அது! இப்போது அதைக் கழிவறைக்கும் வாசல் கழுவவும் வைத்துக்கொண்டு, ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டும் உப்பில்லாத தண்ணீரை இட்லிப்பூவுக்கு விடுகிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டிகளை நிழல்வலைக்கு வெளியே தள்ளி வைத்து, அடித்துளை வழியாக உப்பு கரைந்து ஓடும்படி நன்றாக நனைய விடுகிறேன். ஆறில் நான்கு செடி திரும்பிவிட்டன.

இத்தனை தொல்லையும் தராத செடி ஒன்று வேண்டுமென்றால் டேபிள் ரோஸ். அடுக்கு இதழிலும் கோடு போட்ட இதழிலும் இப்போது வரும் புது வகைகள் பத்து ரூபாய்த் தண்டிலிருந்து தொட்டி நிறையப் பிடிக்கின்றன. வெயில் ஏறினால்தான் பூ விரியும். நிழலில் வைத்துப் பாதுகாத்தவர்களுக்கு மொட்டு மட்டுமே மிச்சம்.

விரிஞ்சிபுரம் அருகிலிருந்து:

நாங்கள் பூ விவசாயக் குடும்பம், அதனால் "புதிய ரகம்" என்ற சொல் இங்கே பயன்படும் விதம் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டப்படி ஒன்றைப் புதிய ரகமாகப் பதிவு செய்ய வேண்டுமென்றால், அது புதியதாகவும், ஏற்கெனவே உள்ளவற்றிலிருந்து தெளிவாக வேறுபட்டதாகவும், செடிக்குச் செடி ஒரே மாதிரியாகவும், தலைமுறை மாறினாலும் மாறாததாகவும் இருக்க வேண்டும். மரங்களுக்கும் கொடிகளுக்கும் 18 ஆண்டும் மற்றவற்றுக்கு 15 ஆண்டும் பாதுகாப்பு உண்டு. நர்சரி அட்டையில் எழுதும் புது ரகம் பெரும்பாலும் இதில் எதிலும் சேராது. நர்சரிகள் நிறைந்த ஆந்திராவின் கடியம் பக்கத்திலிருந்து லாரியில் வந்திறங்கியதால் மட்டுமே அது புதிது.

நல்ல உதாரணம் டெல்லி கனகாம்பரம். பெரிய பூ, நல்ல ஆரஞ்சு நிறம், தொட்டியிலும் நன்றாக வரும். அது மும்மடியக் குரோமோசோம் கொண்டது, அதாவது வழக்கமான இரண்டுக்குப் பதில் மூன்று தொகுதி குரோமோசோம் உடையது என்பதால் விதை பிடிக்காது. தண்டு வெட்டி வைத்துத்தான் பெருக்க முடியும். ஆகவே "டெல்லி கனகாம்பரம் விதை" என்று யாராவது பொட்டலம் நீட்டினால் அங்கேயே விடைபெறலாம். சென்ற ஆண்டு என் தங்கை அப்படி ஒரு பொட்டலம் வாங்கி வந்தாள்; முளைத்தவற்றில் வழக்கமான சின்னப் பூக்கள்தான் வந்தன. செடி வாடி வளராமல் நின்றால் பிடுங்கி வேரைப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக இருந்தால் அது நூற்புழு. அந்த மண்ணை மறுபடி கனகாம்பரத்துக்குப் பயன்படுத்த வேண்டாம்.

மீண்டும் சத்துவாச்சாரியிலிருந்து:

அடினியத்தைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்தேன், நானே எழுதுகிறேன். பாலைவன ரோஜா என்ற பெயருக்கேற்ப நம் வெயிலை விரும்பிக் குடிக்கும் செடி இது. ஆனால் ஒரு கண்காட்சியில் மூன்றடுக்கு இதழ், கருஞ்சிவப்பு என்று படம் தொங்கவிட்டு விற்ற செடியை 600 ரூபாய்க்கு வாங்கினேன்; பூத்தது சாதாரண ஒற்றையடுக்கு ரோஜா நிறம். அடினியத்தில் விதையிலிருந்து வரும் செடி தாயைப் போல் பூக்கும் என்ற உறுதி இல்லை. ஒட்டுக் கட்டிய செடியில் படத்தில் உள்ள பூவையே எதிர்பார்க்கலாம். நான் வாங்கியதில் ஒட்டுத் தழும்பே இல்லை என்பதைப் பணம் கொடுத்த பிறகுதான் பார்த்தேன். இப்போது பூத்த நிலையில் உள்ள செடியைத் தவிர வேறெதையும் வாங்குவதில்லை.

மார்கழியில் அது இலை உதிர்த்தால் செத்துவிட்டது என்று பயந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். அப்போது ஊற்றும் தண்ணீரில்தான் அடிக்கிழங்கு அழுகுகிறது. விரலால் அழுத்திப் பார்த்துக் கிழங்கு கெட்டியாக இருந்தால் அது தூங்குகிறது என்று பொருள். மாசியில் தானாகத் தளிர்க்கும். அரளியின் குடும்பம் என்பதால் பால் நச்சுத்தன்மை உடையது. கிளை வெட்டினால் கையைக் கழுவாமல் கண்ணைத் தொட வேண்டாம், பேரப்பிள்ளைகள் எட்டும் இடத்திலும் வைக்க வேண்டாம்.

குடியாத்தத்துத் தம்பி இரு நிறப் பூவுக்குச் செலவழித்ததைப் படித்து வருந்தினேன். மேரி பால்மரில் இந்த ஆண்டு நான்கு பதியன் போட்டிருக்கிறேன், இரண்டு வேர் பிடித்துவிட்டன. ஆடி மழை விழுந்ததும் ஒன்றைத் தம்பி வந்து எடுத்துக்கொள்ளலாம். மற்றொன்று, டெல்லி கனகாம்பரத்தின் நான்கு தண்டுகளுக்கு மாற்றாக விரிஞ்சிபுரத்துக்கு.