நிரந்தர வசிப்புரிமையும் குடியுரிமையும் ஒன்றா? பிறக்கப்போகும் குழந்தை எந்த நாட்டைச் சேர்ந்தது?

செந்தாழை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அக்காவும் அத்தானும் வேலை நிமித்தமாக வெளிநாடு சென்று ஏழு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டு இருவருக்கும் அந்நாட்டின் நிரந்தர வசிப்புரிமை கிடைத்தது. இப்போது அக்கா ஏழு மாதக் கர்ப்பிணி. குழந்தை அங்கே பிறப்பதால் அந்நாட்டுக் குடியுரிமை தானாக வந்துவிடும் என்பது அத்தானின் வாதம். தாய் தகப்பன் எந்த நாடோ, பிள்ளையும் அந்த நாடுதான் என்பது அப்பாவின் வாதம். இதற்கு நடுவில், நிரந்தர வசிப்புரிமை கிடைத்தாலே குடியுரிமை கிடைத்ததற்குச் சமம், ஓட்டு மட்டும் போட முடியாது என்று பெரியப்பா தீர்ப்பே சொல்லிவிட்டார்.

இன்னொரு சிறு ஐயமும் உண்டு. அக்காவின் பழைய பாஸ்போர்ட்டைப் புரட்டியபோது, விசா ஒட்டியிருந்த பக்கத்தில் ஒரு தேதியும், எதிர்ப்பக்கத்தில் நுழைவு முத்திரைக்குக் கீழே பேனாவால் எழுதப்பட்ட வேறொரு தேதியும் இருந்தன. இரண்டுக்கும் நான்கு மாத வேறுபாடு. எந்தத் தேதி வரை அவர் அங்கே தங்கியிருக்கலாம் என்று கொள்வது? ஒரு குறிப்பிட்ட நாட்டின் விதிகளைவிட, அடிப்படைக் கருத்துகளே எனக்குத் தெளிவாக வேண்டும்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

உங்கள் அத்தானும் அப்பாவும் ஆளுக்கொரு கொள்கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள். இரண்டுமே நடப்பில் உள்ளவைதான். பிறந்த மண்ணைக் கொண்டு குடியுரிமை தருவது ஒன்று, பெற்றோரைக் கொண்டு வம்சாவளியாகத் தருவது மற்றொன்று. கனடாவில் பிறக்கும் குழந்தைக்கு, வெளிநாட்டுத் தூதர்களின் பிள்ளைகள் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, பெற்றோர் யாராயினும் குடியுரிமை உண்டு. ஜப்பானிலோ, பொதுவாகத் தாய் தந்தையரில் ஒருவராவது அந்நாட்டுக் குடிமக்களாக இருந்தாக வேண்டும்.

பல நாடுகள் இரண்டையும் கலந்து வைத்திருப்பதோடு, அந்தக் கலவையை அவ்வப்போது மாற்றியும் வருகின்றன. பிரிட்டனில் பிறந்தாலே போதும் என்றிருந்த நிலை, 1981 ஆம் ஆண்டுச் சட்டம் 1983 இல் நடைமுறைக்கு வந்ததும் முடிவுக்கு வந்தது. அதன் பிறகு பெற்றோரில் ஒருவர் குடியுரிமையோ நிரந்தரமாகத் தங்கும் உரிமையோ பெற்றிருக்க வேண்டும் என்றாயிற்று. ஆஸ்திரேலியா 1986 இல் ஏறத்தாழ இதே வழிக்கு வந்தது. அயர்லாந்து 2004 இல் பொதுவாக்கெடுப்பு நடத்தி, பிறந்த மண்ணைக் கொண்டு நிபந்தனையின்றிக் குடியுரிமை தரும் முறையைக் கைவிட்டது. ஆகவே, குழந்தை பிறக்கும் நாளில் பெற்றோரின் நிலை என்னவாக இருந்தது என்பதையே இத்தகைய நாடுகள் பார்க்கின்றன. பிரசவத்துக்கு முன்பே அக்காவுக்கு நிரந்தர வசிப்புரிமை கிடைத்துவிட்டது அங்கெல்லாம் பெரிய சாதகம்.

கடலோடி எழுதியது:

பெரியப்பாவின் தீர்ப்பை மேல்முறையீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. ஒன்பது ஆண்டுகள் நிரந்தரவாசியாக இருந்து, பின்னர் இயல்புரிமை வழியாக, அதாவது வெளிநாட்டவனாக விண்ணப்பித்து, குடியுரிமை பெற்றவன் நான். பெயரில் 'நிரந்தரம்' இருந்தாலும், நிரந்தர வசிப்புரிமை நிபந்தனைக்கு உட்பட்ட ஓர் அனுமதியே. கனடாவில் ஐந்தாண்டுக்கு 730 நாட்களாவது உள்ளே இருந்தாக வேண்டும். பிரிட்டனில் தொடர்ந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வெளியே இருந்தால் அந்த உரிமை பொதுவாகக் காலாவதியாகிவிடும். கடுங்குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடு கடத்தவும் முடியும். குடிமக்களின் நிலை வேறு. சொந்த நாட்டுக்குள் நுழையும் உரிமையை எவரிடமிருந்தும் தன்னிச்சையாகப் பறிக்கலாகாது என்று, குடிமை மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய 1966 ஆம் ஆண்டுப் பன்னாட்டு உடன்படிக்கையே சொல்கிறது.

என் தந்தை நோய்வாய்ப்பட்டிருந்தபோது நீண்ட காலம் ஊரில் தங்க நேர்ந்தது. ஒவ்வோர் இரவும் நாட்காட்டியில் ஒரு நாளை அடித்துவிட்டு, திரும்பிப் போக இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருப்பேன். 41 நாட்கள் மிச்சம் இருக்கையில் விமானம் ஏறினேன். குடியுரிமை பெற்ற பிறகு அப்படி எண்ண வேண்டிய தேவை வரவில்லை.

தேதி விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்கா உள்ளிட்ட பல நாடுகளில் விசாவில் உள்ள தேதி, எந்த நாளுக்குள் எல்லைக்கு வந்து நுழைய அனுமதி கேட்கலாம் என்பதைத்தான் குறிக்கிறது. உள்ளே எவ்வளவு காலம் தங்கலாம் என்பதை நுழைவிடத்தில் அதிகாரி முடிவு செய்து முத்திரையிலோ கணினிப் பதிவிலோ குறிக்கிறார். ஆகையால் அக்காவின் பாஸ்போர்ட்டில் பேனாவால் எழுதிய தேதிதான் தங்குவதற்கான கெடுவாக இருந்திருக்கும். விசாவிலேயே தங்கும் காலத்தைக் குறித்துவிடும் நாடுகளும் உண்டு. விசாத் தேதியை மட்டும் நம்பிக் கெடு தாண்டியவர்கள், அடுத்த முறை விண்ணப்பிக்கும்போது படும் பாட்டைக் கண்டிருக்கிறேன்.

செந்தாழை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால் குழந்தைக்கு இரு நாட்டுக் குடியுரிமையும் கிடைக்க வாய்ப்புண்டா? இரண்டும் கிடைக்காமல் போகவும் வாய்ப்புண்டா?

நாற்றங்கால் எழுதியது:

இரண்டுக்கும் வாய்ப்புண்டு, காரணமும் ஒன்றே. தன் குடிமக்கள் யார் என்பதை ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி தானே தீர்மானிக்கும் என்பது, 1930 ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் எழுதப்பட்ட விதி. ஒரு நாடு மண்ணைப் பார்த்தும் மற்றது வம்சாவளியைப் பார்த்தும் 'எங்கள் குழந்தை' என்றால் இரட்டைக் குடியுரிமை. இரு நாடுகளுமே 'எங்களுடையதல்ல' என்றால் அக்குழந்தை நாடற்றதாகிவிடும். தாய் தன் குடியுரிமையைத் தந்தைக்கு நிகராகப் பிள்ளைக்குத் தர இயலாத சட்டம் இன்றும் 20 க்கும் மேற்பட்ட நாடுகளில் உள்ளது. அத்தகைய நாட்டுப் பெண், வம்சாவளியை மட்டுமே பார்க்கும் நாட்டில் பிள்ளை பெற்று, தந்தையும் நாடற்றவராக இருந்தால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். இந்த இடைவெளியை அடைக்கவே, வேறு எந்தக் குடியுரிமையும் கிடைக்காத குழந்தைக்குப் பிறந்த நாடே குடியுரிமை தர வேண்டும் என்று, நாடற்ற நிலையைக் குறைப்பதற்கான 1961 ஆம் ஆண்டுப் பன்னாட்டு உடன்படிக்கை கூறுகிறது. ஆனால் அதில் சேராத நாடுகள் பல.

சான்றிதழ் இல்லாமையும் இதே குழியில் தள்ளும். இலங்கையின் 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தந்தையும் அத்தீவிலேயே பிறந்ததற்குச் சான்று கேட்டபோது, தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த மலையகத் தமிழர் இலட்சக்கணக்கில் நாடற்றவராயினர். எஞ்சியோருக்கான தீர்வு 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை இழுத்தது.

ஏட்டுச்சுவடி எழுதியது:

நடைமுறைக் குறிப்பு ஒன்று. வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைக்கு வம்சாவளிக் குடியுரிமை எல்லா நாடுகளிலும் தானாக வந்துவிடுவதில்லை. இந்தியா, பிறந்த ஓராண்டுக்குள் தூதரகத்தில் பதியச் சொல்கிறது; குழந்தையிடம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்ற உறுதிமொழியையும் கேட்கிறது. அதற்குப் பிந்தினால் அரசின் தனி அனுமதி வேண்டும். ஆகவே பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும், எந்தப் பாஸ்போர்ட்டுக்கு முதலில் விண்ணப்பிப்பது என்பதை அவசரப்படாமல் முடிவு செய்யச் சொல்லுங்கள்.

செந்தாழை எழுதியது:

தூதரகப் பதிவுக்குக் கெடு இருக்கும் என்பதே எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியாது. அக்காவுக்கு இன்றே எழுதுகிறேன். பெரியப்பாவிடம் பேசும் பொறுப்பை மட்டும் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டேன்.