10 ஜிகாஹெர்ட்ஸ் பிரீஸ்கேலர்: சிக்னல் கொடுக்காமலே கவுண்டரில் எண் வருவது ஏன்?

கேள்வி:
10.368 ஜிகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டரை 8-ஆல் வகுக்கும் பிரீஸ்கேலர் (அதிர்வெண்ணைக் குறைத்துக் கவுண்டருக்குக் கொடுக்கும் ஐசி) வழியாக அளக்க வேண்டும். கவுண்டரில் 1296 மெகாஹெர்ட்ஸ் வர வேண்டும். கேபிளைக் கழற்றினாலும் 1100 பக்கம் ஏதோ எண் காட்டுகிறது. −20 டிபிஎம் (பவர் அளவு) சிக்னல் கொடுத்தால் எண் நிலையாக நிற்பதில்லை. ஐசி போய்விட்டதா?

பதில் 1:
ஐசி நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே ஒவ்வொரு அடுக்கும் இரண்டு லாட்ச் (ஒரு பிட்டைப் பிடித்து வைக்கும் சுற்று) சேர்ந்த ஃப்ளிப்-ஃப்ளாப். அவுட்புட்டைத் தலைகீழாக்கி இன்புட்டுக்கே திருப்பியிருப்பதால் 2-ஆல் வகுக்கும். மூன்று அடுக்கு சேர்ந்தால் 8. சிக்னல் இல்லாதபோது கிளாக் நடுநிலையில் நிற்கிறது. அப்போது இரண்டு லாட்சும் பாதி திறந்து, முதல் அடுக்கே ரிங் ஆசிலேட்டராகிவிடும், அதாவது தானாகவே அதிரும். உங்களுடையது 4.4 ஜிகாஹெர்ட்ஸில் தானாக ஆடுகிறது, அதாவது இன்புட் கணக்கில் 8.8. அந்த அதிர்வெண்ணை ஒட்டி மிகச் சிறிய சிக்னலுக்கே லாக் ஆகும், அதாவது அந்தச் சிக்னலைப் பின்பற்றும். விலக விலகக் கூடுதல் பவர் கேட்கும். 10.368-க்கு −20 போதவில்லை. 0 டிபிஎம் கொடுத்துப் பாருங்கள்.

பதில் 2:
சிக்னல் இல்லாதபோது அவுட்புட் அடங்கியே ஆக வேண்டுமென்றால், ஐசியின் இரண்டு இன்புட்டில் பயன்படுத்தாத பின்னிலிருந்து (கால்) தரைக்கு ஒரு ரெசிஸ்டர் போடுங்கள். டிசியைத் தடுக்கும் கெப்பாசிட்டருக்கு ஐசி பக்கமாகப் போட வேண்டும். அந்தக் கால் ஐசிக்கு உள்ளே 50 ஓம் வழியாக 5 வோல்ட்டுக்குப் போனால், 10 கிலோஓம் ரெசிஸ்டர் இரண்டு இன்புட்டுக்கும் இடையே சுமார் 25 மில்லிவோல்ட் வித்தியாசம் தரும். அந்த அளவுக்கு உணர்திறன் குறையும், அதனால் தேவைக்கு மேல் போடாதீர்கள்.

கெப்பாசிட்டரையும் பாருங்கள். 10 ஜிகாஹெர்ட்ஸில் சிறிய சிப் 100 பிகோஃபாரட் போதும். அதே போர்டில் 100 மெகாஹெர்ட்ஸ் அளந்தால் அது 16 ஓம் ஆகிவிடும். 10 நானோஃபாரட் வேண்டும். அதோடு, அந்தக் குறைந்த அதிர்வெண்ணில் சைன் அலை மெதுவாக ஏறுவதால் நடுவில் நாய்ஸ் புகுந்து கூடுதலாக எண்ணும். சதுர அலை கொடுத்தால் சரியாகும்.

பதில் 3:
சிக்னல் இல்லாவிட்டால் வாயே திறக்காத வகையும் உண்டு: மில்லர் 1939-இல் விவரித்த ரீஜெனரேட்டிவ் டிவைடர். மிக்சரில் (இரண்டு அதிர்வெண்களின் கூட்டலையும் வித்தியாசத்தையும் தரும் சுற்று) 10.368-உம், திரும்பி வரும் 5.184-உம் சேர்ந்தால் 5.184, 15.552 இரண்டும் வரும். லோ-பாஸ் ஃபில்டர் பெரியதை வெட்ட, ஆம்ப்ளிஃபயர் சிறியதைத் திருப்பி அனுப்பும். மிக்சர் 7, ஸ்ப்ளிட்டர் 3, ஃபில்டர் 1 என்று 11 டெசிபெல் இழப்பு; ஆம்ப்ளிஃபயர் 14 தந்தால் தொடங்கிவிடும். பலர் இங்கே தவறுவது மிக்சர் தேர்வில்: ஐஎஃப் போர்ட் (மிக்சரின் அவுட்புட் முனை) 5.2 ஜிகாஹெர்ட்ஸ் வரை போக வேண்டும், பல மிக்சர்களில் அது 2 அல்லது 3-லேயே நின்றுவிடும். ஆனால் இந்த அமைப்பு 2-ஆல் மட்டுமே வகுக்கும். கவுண்டருக்கு உங்கள் பிரீஸ்கேலரே போதும். ஃபேஸ் நாய்ஸ் (சிக்னலின் கட்டத்தில் வரும் சிறு நடுக்கம்) முக்கியம் என்றால் மட்டும் இந்தப் பாடு.