ரயில் படங்களைக் கண்காட்சியில் வைத்தவர்கள் இருந்தால் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன். மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதையில் (தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலம்) கடைசி ரயில் ஓடியது 2010 டிசம்பர் 31. அதற்கு முந்தைய இரண்டு மாதமும் லீவு கிடைத்த நாளெல்லாம் கேமராவைத் தூக்கிக்கொண்டு அதில் ஏறிவிடுவேன். மொத்தமே 90 கிலோமீட்டர்தான். உசிலம்பட்டி தாண்டி ஆண்டிப்பட்டிக் கணவாய்க்குள் வண்டி நுழையும்போது எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்புவார்கள். அதைப் பார்க்கவே எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

2022இல் தேனிக்கும் 2023இல் போடிக்கும் அகலப்பாதை ரயில் வந்துவிட்டது. இனி அந்தப் பழைய வண்டியை ஊர் மறந்துவிடும் என்ற தவிப்பில்தான் படங்களைச் சுவரில் மாட்ட முடிவு செய்தேன். எங்கள் பகுதியில் இருக்கும் ஒரு சின்ன கேலரியில் மூன்று நாள் இடம் கொடுத்தார்கள். 24 படம், எல்லாம் 12க்கு 18 அங்குலம்.

முதல் நாள் காலையில் கதவைத் திறந்தால் ஏழு படம் தரையில் கிடக்கிறது. சன்போர்டு என்ற லேசான ஃபோம் அட்டையில் ஒட்டி, டபுள் சைடு டேப் போட்டு மாட்டியிருந்தோம். ராத்திரிப் புழுக்கத்தில் டேப் சுவர்ப் பெயிண்டையும் உரித்துக்கொண்டு விழுந்துவிட்டது. அப்புறம் ஆணி அடிக்க அனுமதி வாங்கி, நைலான் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு முடிக்கும்போது மணி பதினொன்று.

நான் சொல்ல வந்தது இரண்டாம் நாள் நடந்தது. எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒரு படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, கீழே எழுதினது யாரு?”

“நான்தான் ஐயா.”

“‘ஆண்டிப்பட்டிக்கு வரும் ரயில்’னு போட்டிருக்கீங்க. இது வரலை. போகுது.”

படத்தில் விரல் படாமல் ஓர் இடத்தைக் காட்டினார். வளைவில் தெரியும் கடைசிப் பெட்டியின் பின்பக்கம், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி. குனிந்து பார்த்தால் எல்வி பலகை, ‘லாஸ்ட் வெஹிக்கிள்’ என்பதன் சுருக்கம். அதைக் கடைசிப் பெட்டியில்தான் மாட்டுவார்கள். அவர் ரயில் கார்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். அந்தப் பலகையைக் கண்ணால் பார்த்தால்தான் ரயில் முழுசாக வந்து சேர்ந்துவிட்டது, நடுவழியில் பெட்டி எதுவும் கழன்று நிற்கவில்லை என்று ஸ்டேஷன் மாஸ்டருக்கு உறுதியாகும் என்று பேரனுக்கும் எனக்கும் சேர்த்தே சொன்னார். காலையில் எடுத்ததையும் மாலையில் எடுத்ததையும் நான் குழப்பியிருக்கிறேன். பத்து வருஷத்துக்கு மேல் என் கம்ப்யூட்டர் திரையில் இருந்த படம் அது. மலையைப் பார்த்தேன், வெளிச்சத்தைப் பார்த்தேன், அந்தப் பலகையைப் பார்க்கவில்லை.

உடனே பேனா எடுத்து ‘ஆண்டிப்பட்டிக்கு வரும்’ என்பதை அடித்து ‘ஆண்டிப்பட்டியிலிருந்து போகும்’ என்று எழுதினேன். புது அட்டை வைக்கலாம் என்று கேலரியில் சொன்னார்கள், நான் வேண்டாம் என்றுவிட்டேன். அடித்தது தெரியட்டும், பார்க்கிறவர்களுக்கும் திருத்தத் தோன்றும். அன்று மாலையே ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு நோட்டும் பென்சிலும் கட்டிவிட்டேன். ஊர்ப்பெயர், தேதி, எதிரே தெரியும் மரம் எது என்பது வரைக்கும் எழுதிவிட்டுப் போனார்கள். ஓர் அம்மா, அந்த வண்டியில் மல்லிகைக் கூடையோடு மதுரைக்குப் போன நாள்களை இரண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். என் 24 படத்தையும் விட அந்த நோட்டுகள் எனக்குப் பெரிது.

உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

*

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன், அண்ணை. 1990 ஜூனில் நின்ற கொழும்பு–யாழ்ப்பாணம் ரயில் யாழ்தேவி, 2014 ஒக்ரோபர் 13இல்தான் திரும்பவும் எங்கட ஊர் வரைக்கும் வந்தது. இடைப்பட்ட காலத்தில் இடிந்து கிடந்த ஸ்டேசனை நான் படம் எடுத்து வைத்திருந்தேன். அதில் ஒன்பது படத்தை இங்கே ஒரு மண்டபத்தில் வைத்தோம்.

பாடசாலைப் பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கிறேன், பின்னால் இருந்து ஒரு அம்மா, “தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டையையும் ஏன் படத்தில தேடுறீங்கள், அது எங்கட வீட்டுப் பங்கருக்கு மேலயெல்லோ கிடந்தது” என்றா. ஷெல் அடிக்கும்போது ஆறு பேர் அந்தப் பதுங்குகுழிக்குள்ள இருந்ததாம். பிள்ளைகள் அதுக்குப் பிறகு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, அவவைச் சுற்றி நின்றுவிட்டார்கள். கோச்சியில் கொழும்புக்குப் போன கதையில் தொடங்கி எல்லாம் சொன்னா. நானும் பிள்ளைகளோடு நின்று கேட்டேன்.

*

எனக்குக் குன்னூர். மலை ரயில் படம் வைத்தேன், பெரும்பாலும் நீராவி இன்ஜின்தான். பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் சுற்றிப் பார்த்துவிட்டு, “பிரேக்ஸ்மேன் ஒருத்தர்கூட இல்லையே தம்பி” என்றார். அவருடைய அப்பா அந்த வேலையில் இருந்தவர். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது இன்ஜின் பின்னால் இருந்து தள்ளும். முன்னால் நின்று பாதையைப் பார்த்துக் கொடி காட்டுவது பிரேக்ஸ்மேன்தான். ஓவர்கோட்டோடு பெட்டியின் முகப்பில் நிற்கும் அந்த மனிதரை, இன்ஜின் நன்றாக விழ வேண்டும் என்று ஒவ்வொரு படத்திலும் நானே வெட்டியிருக்கிறேன். இப்போது வாராவாரம் போய் அவர்களை மட்டும் எடுக்கிறேன். அடுத்த முறை அந்தப் படங்கள்தான் முதல் வரிசை.

ஒரு சந்தேகம். இங்கே பனியில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்கிறது. என்ன செய்யலாம்?

*

முதலில் எழுதியவன்தான். குன்னூர் தம்பி, ஃபிரேம் போடும்போது படத்தைச் சுற்றி கனமான மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடிக்கும் படத்துக்கும் இடைவெளி கிடைத்துவிடும். பிரிண்ட் மேட் ஃபினிஷாக இருக்கட்டும்.

யாழ்ப்பாணத்துத் தம்பி, அந்த அம்மா சொன்னதை யாராவது எழுதி வைத்தார்களா? இல்லையென்றால் இந்த வாரமே ஒரு நோட்டோடு அவர் வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள்.