வெண்கொக்கு வெளுக்கிறது, காகம் இருள்கிறது, மீன்கொத்தியின் கண் கூர்மையாக இல்லை: ஃபோகஸ், எக்ஸ்போஷர் குறித்துக் கருத்து தேவை

கரையோரன்:

வணக்கம். ஒரு நீர்நிலையின் கரையில், வெயில் நன்றாக ஏறிய பிறகு எடுத்த மூன்று பறவைப் படங்களை இணைத்துள்ளேன். தயவு தாட்சண்யம் பாராமல் குறைகளைச் சொல்லுங்கள். ஏபிஎஸ்-சி சென்சார் (முழுச்சட்ட சென்சாரைவிடச் சிறியது) உள்ள கேமரா, 400 மி.மீ. லென்ஸ், மூன்றிலும் அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு; எஃப் எண் குறைந்தால் திறப்பு பெரிது) எஃப் 5.6. மேனுவல் முறையில் ஷட்டரையும் அபெர்ச்சரையும் நானே வைத்துக்கொண்டு, ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறனை) மட்டும் ஆட்டோவில் விட்டிருந்தேன். மீட்டரிங், அதாவது ஒளி அளவீடு, சட்டம் முழுவதையும் அளக்கும் முறையில் இருந்தது.

முதல் படத்தில், மரநிழல் விழுந்த கரிய நீருக்கு மேலே வெண்கொக்கு வெயிலில் பறக்கிறது. ஷட்டர் 1/1600 நொடி; கேமரா தேர்ந்தெடுத்த ஐஎஸ்ஓ 800. நீரும் நாணலும் நன்றாக வந்திருக்கின்றன. ஆனால் கொக்கின் சிறகில் ஓர் இறகுக்கோடுகூடத் தெரியாமல் முழுக்க வெளுத்துவிட்டது. இரண்டாவது படம், சற்று நேரத்தில் அதே இடத்தில் வானத்தின் பின்னணியில் பறந்த காகம். ஷட்டர் அதே 1/1600, ஐஎஸ்ஓ 100. வானம் சரியாக இருக்கிறது. காகமோ கண் எங்கே என்று தெரியாத அளவுக்கு இருண்டுவிட்டது. மூன்றாவது, ஏறத்தாழ 6 மீட்டர் தொலைவில் பட்ட கிளையொன்றில் அமர்ந்திருந்த மீன்கொத்தி, ஷட்டர் 1/250. எக்ஸ்போஷரில் (பதிந்த ஒளியின் அளவில்) குறை தெரியவில்லை, ஆனால் கண் கூர்மையாக இல்லை. லென்ஸில் ஃபோகஸ் பிழை இருக்குமோ என்ற ஐயம் எனக்கு உண்டு. பறவைகளுக்கு ஸ்பாட் மீட்டரிங்தான் (ஒரு சிறு வட்டத்தை மட்டும் அளக்கும் முறை) வைக்க வேண்டும் என்று சொல்லக் கேள்விப்பட்டிருக்கிறேன். அது சரிதானா?

ஒற்றைப்புள்ளி:

முதல் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஷட்டர் மாறவில்லை, அபெர்ச்சர் மாறவில்லை, வெயிலும் மாறவில்லை; ஆனால் ஐஎஸ்ஓ 800க்கும் 100க்கும் இடையில் மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இருமடங்காவது அல்லது பாதியாவது) வித்தியாசம் இருக்கிறது. பறவையின் மேல் விழுந்த ஒளி அப்படியேதான் இருந்தது. அதன் பின்னால் இருந்ததுதான் மாறியது. கேமராவின் மீட்டர் பொருளின் மேல் விழும் ஒளியை அளப்பதில்லை. பொருளிலிருந்து திரும்பி வரும் ஒளியை அளந்து, மொத்தத்தில் அது நடுத்தரச் சாம்பல் அளவில் அமையும்படி கணக்கிடுகிறது. சட்டத்தில் பெரும்பகுதி கரிய நீராக இருந்ததால் அதைச் சாம்பலாக்க ஐஎஸ்ஓவை ஏற்றியது, கொக்கு பலியானது. பெரும்பகுதி வானமாக இருந்தபோது இறக்கியது, காகம் பலியானது.

எது சரியான அளவு என்பதற்கு, ஃபிலிம் காலத்து விதி ஒன்று இன்றும் கைகொடுக்கும். தெளிவான வெயிலில் எஃப் 16 வைத்தால், ஐஎஸ்ஓ எண்ணையே பகுதியாகக் கொண்ட பின்னம்தான் ஷட்டர் வேகம். அதாவது ஐஎஸ்ஓ 200 என்றால் 1/200. எஃப் 16இலிருந்து எஃப் 5.6க்கு மூன்று ஸ்டாப் திறந்தால் ஷட்டர் 1/1600க்கு வந்துவிடும். ஆக, நீங்கள் வைத்திருந்த ஷட்டருக்கும் அபெர்ச்சருக்கும் ஐஎஸ்ஓ 200 போதும். கொக்குக்குக் கேமரா இரண்டு ஸ்டாப் கூடுதலாகவும், காகத்துக்கு ஒரு ஸ்டாப் குறைவாகவும் கொடுத்திருக்கிறது. வெள்ளை இறகின் நுண்கோடுகள் நிற்க வேண்டுமானால் விதி சொல்வதைவிட அரை முதல் ஒரு ஸ்டாப் வரை குறைக்கலாம். கறுப்பு இறகுக்கு அதே அளவு கூட்டலாம்.

எனவே வானம் தெளிவாக இருக்கும் நாளில் ஐஎஸ்ஓவையும் ஒரே எண்ணில் நிறுத்திவிடுங்கள். அதே வெயிலில் சும்மா நிற்கும் கொக்கு ஒன்றைப் படமெடுத்து, மிகை ஒளியைக் காட்டும் மினுக்கு எச்சரிக்கை இறகுகளில் தொடங்கும் வரை ஏற்றி, பிறகு மூன்றிலொரு பங்கு ஸ்டாப் இறக்கினால் போதும்; கொக்கு நீரின் மேல் பறந்தாலும் வானில் ஏறினாலும் அந்த அளவு பொருந்தும். ரா கோப்பாக (சென்சாரின் மூலத் தரவாக) எடுத்தாலும் கேமராத் திரையில் தெரியும் ஹிஸ்டோகிராம் (ஒளி அளவுகளின் வரைபடம்), உள்ளே உருவாகும் ஜேபெக் படத்தை வைத்தே வரையப்படுகிறது; ரா கோப்பு அதைவிடச் சற்று மிகை ஒளியைத் தாங்கும் என்பதால், லேசான மினுக்கத்துக்கெல்லாம் அஞ்ச வேண்டியதில்லை.

ஸ்பாட் மீட்டரிங் அமர்ந்திருக்கும் பெரிய பறவைக்குச் சரி. அப்போதும் அது வெள்ளை இறகையே சாம்பலாக்கப் பார்க்கும் என்பதால், ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் கூட்ட வேண்டியிருக்கும். பறக்கும் பறவைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அளக்கும் வட்டம் சிறகிலிருந்து ஒரு கணம் விலகினாலே கணக்கு தலைகீழாகிவிடும்.

நிழல்வெளி:

மேலே சொன்ன காரணத்தில் எனக்கு மறுப்பில்லை. தீர்வில்தான் கொஞ்சம் உண்டு. மேகம் வந்து வந்து போகும் நாளில், அல்லது பறவை வெயிலிலிருந்து மரநிழலுக்குள் நுழையும்போது, நிலையான எக்ஸ்போஷரை மாற்றிக்கொண்டிருப்பதற்குள் பறவை போய்விடும். அத்தகைய இடங்களில் ஆட்டோ ஐஎஸ்ஓவை வைத்துக்கொண்டு, எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (மீட்டர் சொல்வதைவிடக் கூட்டவோ குறைக்கவோ உதவும் வசதியை) ஒரு டயலில் பொருத்திக்கொள்வதே எனக்கு வசதி. கரிய பின்னணியில் வெண்கொக்குக்கு ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் குறைப்பேன். வெளிறிய வானத்தில் காகத்துக்கு ஏறக்குறைய அதே அளவு கூட்டுவேன், வானம் வெளுத்தாலும் பரவாயில்லை. மேனுவலில் ஆட்டோ ஐஎஸ்ஓ வைக்கும்போது காம்பன்சேஷனை அனுமதிக்காத பழைய கேமராக்கள் சில உண்டு. உங்களுடையது அனுமதிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி மீன்கொத்தி. லென்ஸைக் குற்றம் சொல்வதற்கு முன் இரண்டைப் பார்க்க வேண்டும். 400 மி.மீ. லென்ஸில், எஃப் 5.6இல், 6 மீட்டர் தொலைவில், ஏபிஎஸ்-சி சென்சாருக்குக் கூர்மையாகத் தெரியும் ஆழம் மொத்தமே 5 செ.மீ. அளவுதான். ஃபோகஸ் பெட்டி (கேமரா ஃபோகஸ் செய்த இடத்தைக் காட்டும் கட்டம்) மார்பில் விழுந்து, தலை சற்று முன்னே நீண்டிருந்தால் கண் மங்குவதில் வியப்பில்லை. அடுத்தது 1/250 என்ற ஷட்டர். லென்ஸின் நடுக்கக் குறைப்பு உங்கள் கையின் அசைவைத்தான் சரிசெய்யும், பறவையின் அசைவை அல்ல.

இவற்றில் எது என்பதைக் கண்ணில் இருக்கும் ஒளிப்பொட்டே சொல்லிவிடும். படத்தை நூறு விழுக்காட்டில் பெரிதாக்கிப் பாருங்கள். ஒளிப்பொட்டு மங்கிய சிறு வட்டாக விரிந்திருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது; கோடாக இழுபட்டிருந்தால் ஏதோ அசைந்திருக்கிறது. கிளையில், கால்விரல்களின் அருகே என்ன தெரிகிறது என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

கரையோரன்:

இருவருக்கும் நன்றி. பெரிதாக்கிப் பார்த்தேன். ஃபோகஸ் பெட்டி கழுத்துக்குச் சற்றுக் கீழே, மார்பின் மேல்பகுதியில் இருக்கிறது. கால்விரல்களின் கீழே மரப்பட்டையின் வெடிப்புகள் மிகத் தெளிவாக இருக்கின்றன. மார்பு இறகுகளும் பரவாயில்லை. கண்ணின் ஒளிப்பொட்டு வட்டாக இல்லை. மேலிருந்து கீழாக ஒரு குட்டைக் கோடாக இருக்கிறது. அலகின் விளிம்பும் மேலும் கீழுமாக இரட்டை வரியாகத் தெரிகிறது.

ஒற்றைப்புள்ளி:

அப்படியானால் லென்ஸ் தப்பித்தது. உங்கள் கையும் தப்பித்தது. கை நடுங்கியிருந்தால் மரப்பட்டையும் அதே திசையில் இழுபட்டிருக்கும். அசைந்தது தலை மட்டும். மீன்கொத்தி நீரை உற்றுப் பார்க்கும்போது உடலை அசைக்காமல் தலையை மட்டும் வெடுக்கென்று மேலும் கீழும் ஆட்டும் வழக்கம் உடையது. அந்த ஆட்டத்தை 1/250 நிறுத்தாது. வெளிச்சம் இடம் கொடுத்தால் 1/1000க்குப் போங்கள். கொடுக்காவிட்டால் 1/250இலேயே தொடர்ச்சியாகச் சில படங்களை எடுத்தால், இரண்டு ஆட்டங்களுக்கு இடையில் தலை நிற்கும் கணம் ஒன்றாவது கிடைக்கும். நிழலில் இருக்கும் பறவைக்கு நான் இதைத்தான் செய்வேன்.

தலை இப்படி ஆடும் பறவைக்கு, ஒருமுறை பூட்டிவிட்டு நிற்கும் ஃபோகஸைவிடத் தொடர் ஃபோகஸ் நல்லது. நிக்கானிலும் சோனியிலும் அது ஏஎஃப்-சி, கேனானில் சர்வோ என்ற பெயரில் இருக்கும். பறவையின் கண்ணைக் கண்டறியும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் ஒற்றைப் புள்ளியைத் தலைக்கு நகர்த்திவிடுங்கள், மார்பில் விடாதீர்கள்.

நிழல்வெளி:

காகத்தைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. தலைக்கு மேலே பறக்கும் பறவையின் அடிப்பகுதி, வெயில் நன்றாக ஏறிய நேரத்தில் அதன் சொந்த நிழலில்தான் இருக்கிறது. ஐஎஸ்ஓவை 200க்கு ஏற்றினாலும் அந்தக் கோணத்தில் கண் தனியே தெரியாது. ரா கோப்பில் நிழலைத் தூக்கினால் (பிறகு வெளிச்சமாக்கினால்) புள்ளி புள்ளியான இரைச்சல்தான் வெளியே வரும். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்றுகொண்டு, காகம் திரும்பும்போது உடல் சாய்ந்து முதுகில் வெயில் படும் நொடிக்குக் காத்திருங்கள். கறுப்பு இறகில் நீலப் பளபளப்பும் கண்ணில் ஒளிப்பொட்டும் அப்போதுதான் கிடைக்கும்.

அடுத்த படங்களை இணைக்கும்போது சுருக்கிக் கூர்மையேற்றிய பிரதியோடு நிறுத்தாமல், தலைப்பகுதியை மட்டும் நூறு விழுக்காட்டில் வெட்டிய துண்டு ஒன்றையும், ஃபோகஸ் பெட்டி தெரியும் திரைப்பிடிப்பு ஒன்றையும் சேர்த்துவிடுங்கள். சுருக்கிய படத்தில் 1/250இன் இழுவையும் ஃபோகஸ் தவறியதும் ஒன்றுபோலவே தெரியும்.