காரைக்குடிப் பக்கம் மழையில் ஜீப் ஓட்ட வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. வருகிற சனி, ஞாயிறு நண்பர்கள் சேர்ந்து காரைக்குடியில் தங்கி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கத்து மண்பாதைகளில் ஜீப் ஓட்டலாம் என்றிருக்கிறோம். இரண்டு மஹிந்திரா தார், ஒரு மாருதி ஜிம்னி. ஐப்பசி மழை நன்றாகப் பிடித்திருப்பதால் உள்ளூர்க்காரர்களின் யோசனை தேவை.

செம்மண் பாதைக்குப் பயமில்லை. மேலே வழுக்கினாலும் அடியில் சரளை இருந்தால் டயர் பிடித்துவிடும். கண்மாய் ஓரத்து வண்டல்தான் கவலை. மேலாகக் காய்ந்த மாதிரி தெரியும், சக்கரம் ஏறியதும் அச்சு வரை உள்ளே போய்விடும். டயர் காற்றை 20 பி.எஸ்.ஐ. வரை குறைத்தாலும், அந்தச் சேறு டயர் பட்டன்களை அடைத்துக்கொண்டால் சக்கரம் சும்மா சுற்றத்தான் செய்யும். எந்தப் பாதையைத் தவிர்க்க வேண்டும், எங்கே கலுங்கு (கண்மாயின் உபரி நீர் வழியும் இடம்) தாண்டித் தண்ணீர் போகிறது என்று சொல்லுங்கள்.

கண்மாய்க் கரை மேல் வண்டி ஏற்ற மாட்டோம். ஈரக் கரையில் தடம் விழுந்தால் அதுவே உடைப்புக்கு வழி. நெல் வயல், வரப்புப் பக்கமும் போக மாட்டோம். தைலமரக் காடுகளில் எது பட்டா நிலம், எது வனத்துறை இடம்? யாரிடம் அனுமதி கேட்பது?

அப்புறம், கருவேல முள். டியூப்லெஸ் பஞ்சர் பார்க்கும் கடை ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா? சிக்கினால் இழுக்க டிராக்டர் கிடைக்குமா, வாடகை எவ்வளவு கேட்பார்கள்?

வேட்டங்குடி சரணாலயத்துக்கும் போக ஆசை. பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி போடாத ஊர், அதனால் வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்துதான் போவோம். பறவைகள் வந்துவிட்டனவா?

வெள்ளிக்கிழமைக்குள் பதில் கிடைத்தால் பெரிய உதவி.