காவல் மின்னழுத்தம்: இயங்க மறுக்கும் பழைய மடிக்கணினிக்கு ஒரு கலைச்சொல்

ஐயா, வணக்கம்.

பொத்தானை அழுத்தியும் இயங்காத பழைய மடிக்கணினியின் நிலையைக் குறிக்கத் தாங்கள் முன்மொழிந்த ‘உயிர்ப்பின்மை’ நல்ல சொல். ஆனால் அதை எல்லாப் பழுதுக்கும் பொதுப்பெயராக வைப்பதை நான் ஏற்கவில்லை. விளக்குகூட எரியாமல் கிடப்பது, விசிறி சுழன்றும் திரை இருண்டே இருப்பது, தற்சோதனை (கணினி தொடங்கும்போது தன் உறுப்புகளைத் தானே சோதிப்பது) முடிந்தபின் வன்தட்டைக் காணாமல் நின்றுவிடுவது ஆகிய மூன்றையும் ‘ஆன் ஆகவில்லை’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். மூன்றுக்கும் காரணம் வேறு, தேட வேண்டிய இடமும் வேறு. ஆகவே உயிர்ப்பின்மையை முதலாவதற்கு மட்டும் ஒதுக்கி, மற்ற இரண்டையும் தற்சோதனைத் தடை, தொடக்கத் தடை என்று பிரிக்கலாம். உயிர்ப்பின்மைக்கு மாற்றாக ‘மின்னேறாமை’ வேண்டாம், மின்கலம் சார்ஜ் ஆகவில்லை என்றே வாசிப்பவர் பொருள்கொள்வார்.

உண்மையில் பெயரில்லாமல் தவிப்பது வேறொன்று. அடாப்டரைச் செருகியதும், பொத்தானைத் தொடுவதற்கு முன்பே, தாய்ப்பலகையில் ஒரு சிறிய சீராக்கி (மின்னழுத்தத்தை ஒரே அளவில் நிறுத்தும் உறுப்பு) 3.3 அல்லது 5 வோல்ட்டை உண்டாக்கிவிடுகிறது. பொத்தான் அழுத்தப்பட்டதை உணர்ந்து மற்ற மின்னழுத்தங்களை வரிசையாக எழுப்பும் கட்டுப்பாட்டுச் சில்லு அதை உண்டுதான் விழித்திருக்கிறது. அந்த மின்னழுத்தம் இல்லையென்றால் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் கேட்பதற்கு ஆளில்லை; அது இருந்தும் கணினி எழவில்லையென்றால், பழுது பொத்தானிலோ, மூடியின் உணரியிலோ, அந்தச் சில்லிலோ, அதற்கு அப்பாலோ இருக்கிறது. பழுது தேடும் வழி இரண்டாகப் பிரியும் இந்த இடத்துக்குத் தமிழில் பெயரில்லாததால்தான் நம் குறிப்புகள் ‘அடாப்டரை மாற்றிப் பாருங்கள்’ என்பதைத் தாண்டுவதில்லை.

ஆங்கிலத்தில் இதைக் குறிக்கும் ஸ்டாண்ட்பை என்பதை அப்படியே மாற்றிக் ‘காத்திருப்பு மின்னழுத்தம்’ எனலாமென்று சிலர் சொன்னார்கள். கணினி ஏற்கெனவே இயங்கிப் பின் உறங்கும் நிலையும் காத்திருப்பு எனப்படுவதால் அது குழப்பும். ‘நிலை மின்னழுத்தம்’ நிலைமின்னியலை நினைவூட்டும். வீடு உறங்கும்போது வாசலில் ஒருவர் விழித்திருப்பதுபோன்ற வேலையை இது செய்வதால், ‘காவல் மின்னழுத்தம்’ என்று வைக்கலாமென்பது என் பரிந்துரை. அதிலிருந்து காவல் சீராக்கி, காவல் வழி ஆகியவையும் இயல்பாகக் கிளைக்கும்.

சொல் நிற்குமா என்பதை வேலையில் வைத்துப் பார்க்க வேண்டும். திங்க்பேட் டி40 மடிக்கணினி வரிசையை எடுத்துக்கொள்வோம். அதன் அடாப்டர் 16 வோல்ட் தருவது. முதலில் அடாப்டரின் முனையிலும், பிறகு பலகையில் செருகுவாய்க்குப் பின்னும் அளக்கிறோம். இணைப்பைத் துண்டித்துவிட்டு உருகியின் மின்தடை சுழியத்தை ஒட்டி இருக்கிறதா என்று பார்க்கிறோம். அதுவரை குறையில்லையென்றால் எழுத வேண்டிய வரி இது: ‘உள்வரும் 16 வோல்ட் உண்டு, காவல் மின்னழுத்தம் இல்லை.’ செருகியவுடன் அடாப்டரின் விளக்கே அணைந்தால், ‘உள்வரும் வழியில் குறுக்குச்சுற்று’ (ஷார்ட் சர்க்யூட்) என்று எழுதுகிறோம். டாண்டலம் மின்தேக்கிகள் பெரும்பாலும் அப்படித்தான் பழுதாகும் என்பதால் அவற்றை முதலில் ஐயுறலாம்.

1990களின் கருவிகளில் இன்னொரு காட்சி உண்டு. உருளை வடிவ மின்பகுளி மின்தேக்கியின் அடியில் பலகை மங்கி, பற்றுமுனை பச்சை பூத்திருக்கும். பற்றவைப்புக் கோலை வைத்தால் மீன்வாடை எழும். கசிந்த மின்பகுளி மெல்லிய செப்புத்தடங்களை அரிப்பதோடு, அருகருகே உள்ள தடங்களுக்கிடையே மின்னோட்டத்தையும் கசியவிடும். அப்போது காவல் மின்னழுத்தம் முற்றிலும் மறையாமல் 5 வோல்ட்டுக்குப் பதில் மிகத் தாழ்ந்து நிற்கலாம். ஆகவே ‘இல்லை’ என்பதோடு ‘தாழ்ந்துள்ளது’ என்ற வழக்கும் நமக்கு வேண்டும். காவல் மின்னழுத்தம் என்ற பெயர் இரண்டையும் தடையின்றி ஏற்கிறது.

நழுவு விசை நேரடியாகவே மின்னிணைப்பைத் துண்டிக்கும் மிகப் பழைய சில கருவிகளில் இந்த மின்னழுத்தமே இராது என்பதை வரையறையில் சேர்க்க வேண்டும். என் வரைவு: ‘காவல் மின்னழுத்தம் என்பது, மென்விசையால் இயக்கப்படும் கருவியில், இயக்கப் பொத்தான் அழுத்தப்படுவதற்கு முன்பே இருந்து, அந்த அழுத்தலை உணரும் சுற்றுக்கு ஊட்டம் தரும் மின்னழுத்தம்.’ இதில் ‘மென்விசை’ (மின்னிணைப்பை நேரடியாகத் துண்டிக்காமல், அழுத்தியதைச் சுற்றுக்குத் தெரிவிக்க மட்டும் செய்யும் விசை) என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் தங்களிடம் இருந்தால் அருள்கூர்ந்து தெரிவிக்க வேண்டுகிறேன்.