என். வாகுல் வங்கித் துறைக்கு உண்மையில் என்ன செய்தார்?

புதுபிஓ:
பொதுத்துறை வங்கி ஒன்றில் பிஓவாக (தகுதிகாண் அதிகாரியாக) சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. பயிற்சி வகுப்பில் ஓய்வுபெற்ற மேலாளர் ஒருவர் பேச்சுக்குப் பேச்சு வாகுல் பெயரை எடுத்தார். ஸ்டேட் வங்கியில் தொடங்கி, 44 வயதிலேயே பேங்க் ஆஃப் இந்தியா தலைவரானவர், 2024 மே மாதம் காலமானார், இதெல்லாம் தெரியும். பதவிகளை விடுங்கள், அவர் செய்த வேலை என்ன என்று யாராவது சொல்லுங்களேன்.

டிரஷரிக்காரன்:
தம்பி, வங்கியின் பணத்தைச் சந்தையில் கையாளும் டிரஷரிப் பிரிவிலிருந்து சொல்கிறேன். 80களில் வங்கிகள் ஒன்றுக்கொன்று ஒரு நாள் கடன் கொடுக்கும் கால் மனி சந்தையில் வட்டி 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பணச் சந்தையை ஆராய ரிசர்வ் வங்கி அமைத்த குழுவுக்கு வாகுல்தான் தலைவர், 1987ல் அறிக்கை வந்தது. அப்புறம்தான் 1989ல் அந்த உச்சவரம்பு போனது, 1990ல் கமர்ஷியல் பேப்பர் வந்தது. அதாவது நல்ல பெயருள்ள கம்பெனி, வங்கி வாசலில் நிற்காமல், தானே ஒரு குறுகிய காலப் பத்திரம் எழுதி, 100 ரூபாய்ப் பத்திரத்தை 97க்கோ 98க்கோ விற்று, தவணை நாளில் முழு 100 ரூபாயைக் கொடுத்துவிடும். இப்போது டிரஷரியில் தினமும் பார்க்கிறோமே, அதற்கெல்லாம் வித்து அந்த அறிக்கைதான்.

கடன்பிரிவு:
இதோடு கிரிசிலையும் சேர்த்துப் பாருங்கள். அடமானம் எதுவும் இல்லாத பத்திரத்தை யார் நம்பி வாங்குவார்கள்? கம்பெனி கடனைத் திருப்பித் தருமா என்று அளந்து சொல்லும் நாட்டின் முதல் தரமதிப்பீட்டு நிறுவனமாகக் கிரிசில் 1987ல் தொடங்கியபோது முதல் தலைவர் இவர்தான். 1985லிருந்து ஐசிஐசிஐ தலைவராக இருந்துகொண்டே இதையும் செய்தார்.

ஆனால் எனக்கு அவரிடம் மிகப் பிடித்தது ஆள் தேர்வு. 1988ல் ஐசிஐசிஐயை விட்டு ஆசிய வளர்ச்சி வங்கிக்குப் போன கே.வி. காமத்தை 1996ல் திரும்ப அழைத்து நிர்வாகத்தை ஒப்படைத்தார். லலிதா குப்தே, கல்பனா மொர்பாரியா, ஷிகா சர்மா போன்ற பெண்கள் பெரிய பொறுப்புகளுக்கு வளர்ந்ததும் அங்கேதான், அந்தக் காலத்தில் வேறு எந்த நிதி நிறுவனத்தில் இதைப் பார்த்தோம்?

டிரஷரிக்காரன்:
ஆள் தேர்வு சரி. ஆனால் தனிநபர்களுக்குக் கணக்கும் கடனும் தரும் சில்லறை வங்கியாக ஐசிஐசிஐ ஊர் ஊராகப் பரவியதைக் காமத் கணக்கில்தான் எழுத வேண்டும், வாகுல் அப்போது நிர்வாகப் பொறுப்பில்லாத தலைவர்.

கடன்பிரிவு:
ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 2009 வரை தலைவர் நாற்காலியில் இருந்தபடியே, தான் கொண்டுவந்தவரைத் தன் போக்கில் வேலை செய்ய விட்டாரே, அது எல்லோராலும் முடியாது.

புதுபிஓ:
ரொம்ப நன்றி அண்ணா, இருவருக்கும். முதலில் 1987 அறிக்கையைத் தேடிப் படிக்கிறேன்.